இறைப்பு இயந்திரத்தைச் சூடேறாமற் காத்தல்

அரியாலைக் கமக்காரர் மாரியில் நெல்லும், அறுவடைக்குப் பின்னர்க் கிணற்று நீர் இறைத்துக் கத்தரி, மிளகாய், வெங்காயம், பயிற்றை முதலியனவும் செய்கை பண்ணி வருகின்றனர். துலா மிதித்து இறைத்த காலம் போய், இன்று சிறு இயந்திரமே அவ்வேலையைச் செய்கின்றது. ஆகையால், பங்குனி, சித்திரை வெயிலில் இயந்திரம் பழுதுற்றுச் சில நாள் நின்றுவிடின், காய்க்கத் தொடங்கிய பயிர் முழுவதும் வாடிவிடக்கூடும். இயந்திரம் பழுதுறுவதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று, அளவுக்கு மிஞ்சிச் சூடேறுதலாகும். இதனைத் தடுப்பதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒழுங்கான கவனிப்பே வேண்டும்.

சூட்டினால் விளையும் கேடு

சிறிய இயந்திரங்களில் எரிபொருள் தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவானதே வேலையாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு போக, மற்றையது உருளையின் சுவரில் ஏறுகின்றது. அதனைக் காற்றேனும் நீரேனும் அகற்றாவிடின், ஒயில் தன் வழுவழுப்பை இழக்கும். பிஸ்டன் விரிந்து உருளையில் இறுகிவிடும். அதற்கு முன்னரே வலு குறைந்து, அதே அளவு நீரை இறைக்கக் கூடிய எண்ணெய் செலவாகும். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, ஒவ்வொரு போத்தல் எண்ணெயின் அருமையும் கமக்காரருக்கு நன்கு விளங்கியது.

காற்றாற் குளிரும் இயந்திரம்

தோட்டங்களிற் பயன்படும் சிறிய நீரிறைக்கும் இயந்திரங்களிற் பெரும்பாலானவை இவ்வகையின. உருளையைச் சூழ்ந்துள்ள மெல்லிய தகடுகளினூடாக, சுழலும் சில்லிலுள்ள விசிறி காற்றைச் செலுத்துகின்றது. ஆதலின்:

1. தகடுகளினிடையே சேரும் தூசி, வைக்கோற் துரும்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றை, இயந்திரம் ஆறியபின் தூரிகையால் அகற்றுக. நெடுநாள் ஓய்ந்திருந்த இயந்திரத்தில் குளவிக் கூடு, எலிக் கூடு உண்டோ எனப் பார்க்க.

2. விசிறியை மூடியுள்ள தகரத்தைக் கழற்றிவிட்டு இயக்கலாகாது. திறந்துவிட்டால் நன்கு குளிரும் என எண்ணுவது தவறு. காற்றை உருளையின்பாற் செலுத்துவது அம்மூடியே.

3. ஒயில் அளவை நாள்தோறும் சமநிலத்தில் வைத்துப் பார்க்க. கைநூலில் வேறு விதமாகக் கூறப்படாவிடின், புதிய இயந்திரத்தில் முதல் 20 மணி நேர வேலையின் பின்னரும், அதன்பின் 100 மணிக்கு ஒருமுறையும் ஒயிலை மாற்றுக. இயந்திரம் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத எண்ணெய் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துவிடும்.

4. பம்பியில் நீர் நிரப்பாமல் இயக்கலாகாது. உள்ளேயுள்ள அடைப்பைக் குளிர்விப்பது இறைக்கப்படும் நீரேயாகும்.

5. நீர் தாழ்ந்துவிட்டதென்று இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் ஒருபோதும் கூடாது. அங்கே சூடான காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். அதனினும் கொடிது, மணமும் நிறமுமற்ற நச்சுப்புகை கிணற்றில் தேங்கி, இறங்குபவரின் உயிரைக் கவர்ந்துவிடும்.

நீராற் குளிரும் இயந்திரம்

இருசில்லு உழவு இயந்திரம் முதலியவற்றில், றேடியேற்றரிலுள்ள நீரே சூட்டை அகற்றுகின்றது. இங்கு எந்த நீரை ஊற்றுகிறோம் என்பதே முதற் கேள்வி.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதனூடாக ஊறி வரும் கிணற்று நீரிற் சுண்ணாம்பு கரைந்திருக்கின்றது. வீட்டுக் கேத்திலின் உள்ளே படியும் வெண்படலமே இதற்குச் சான்று. அதே படலம் இயந்திரத்தின் நீர்வழிகளிலும் படியும். அது சூட்டை எளிதிற் கடத்தாது; ஆதலால், நீர் நிறைந்திருந்தும் உருளை கொதிக்கும். கடல்நீரேரியை அடுத்துள்ள கிணறுகளிற் கோடையில் உவர் ஏறுவதும் உண்டு. உவர்நீர் உலோகத்தை அரித்துவிடும். ஆகவே, மாரி மழைநீரைத் தூய கலன்களிற் சேமித்து, அதனையே றேடியேற்றருக்குப் பயன்படுத்துக. துருவைத் தடுக்கும் குளிர்விக்கும் திரவம் கிடைப்பின், கைநூல் கூறும் அளவிற் கலந்துகொள்க.

நீர் மட்டத்தை நாள்தோறும் காலையிற் பார்க்க. சூடு மேற்குவதற்கு முன், சூடடிப்புக் காலத்தில் றேடியேற்றர் வலையில் ஒட்டும் பதரையும் துரும்பையும் அன்றன்றே நீக்குக. விசிறி வார் தளர்ந்திருப்பின் இறுக்குக. சூடான றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச் செய்யும். நீர் வற்றிச் சூடேறிய இயந்திரத்திற் குளிர்ந்த நீரை உடனே ஊற்றினால் உலோகம் வெடித்துவிடும். நன்கு ஆறிய பின்னரே ஊற்றுக.

தோணி இயந்திரம் வைத்திருப்போருக்கு

கமத்தோடு கடல்நீரேரியில் மீன்பிடித் தொழிலும் செய்வோர், தோணியின் வெளியிணைப்பு இயந்திரம் உவர்நீரை உறிஞ்சியே குளிர்கின்றது என்பதை நினைவிற் கொள்க. ஓடும்போது பின்புறத் துளையினின்று நீர் தாரையாகப் பாய்தல் வேண்டும். தாரை மெலிந்தால் உடனே நிறுத்தி, நீர்வாயிற் சாதாளையோ சேறோ அடைத்துள்ளதா எனப் பார்க்க. கரை சேர்ந்ததும், நீர்வாய் முழுதும் அமிழுமாறு நன்னீர் நிரப்பிய பீப்பாவில் இயந்திரத்தை வைத்து, கியரை நடுநிலையில் நிறுத்திச் சுமார் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுக. நீரின்றி ஓட்டினால், உள்ளேயுள்ள றப்பர்ச் சுழலி மிகக் குறுகிய நேரத்திற் கருகிவிடும்.

அபாய அறிகுறிகள்

வலு குறைதல், உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை, எரிந்த ஒயில் மணம், நிறுத்தமுயன்றும் உடனே நில்லாமை ஆகியவை தோன்றின், வேலையை முடித்துவிட்டுப் பார்ப்போம் எனத் தாமதியாது இயந்திரத்தை நிறுத்துக. காரணத்தை அறிய இயலாவிடின் தேர்ந்த பொறிவினைஞரிடம் காட்டுக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.