நோயைப் பகுத்தறியும் முறை

காய்ச்சல் தனியொரு நோயன்று. நோய்கள் பலவற்றிற்குப் பொதுவானதோர் அறிகுறியேயாம். ஆதலின் மருத்துவர், அதற்குக் காரணமாகக்கூடிய நோய்களை முதற்கண் உளத்தில் நிரைப்படுத்தி, நோயாளியின் வரலாற்றை வினவி, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக விலக்குவர். வயற்சேற்றில் இறங்கியவர்க்குக் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் காணின் எலிக்காய்ச்சலை ஐயுறுவர். இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்ததாயினும், பிறநாடு சென்று மீண்டோரின் குருதியில் அக்கிருமியையும் தேடுவர். டெங்கு ஐயுறப்படின், காய்ச்சல் தொடங்கிய நாளைக் கணக்கிடுவர். ஏனெனில், அந்நோயில் காய்ச்சல் தணியும் வேளையே இடர் மிகும் வேளையாகலாம். காரணம் தெளியுமுன் அஸ்பிரின் உட்கொள்ளலும் தகாது. டெங்குவாயின் அது குருதிப்பெருக்கை மிகுவிக்கலாம். பெரும்பாலும் நிகழ்வது எது என்பதோடு, தவறவிடின் உயிர்க்கு இறுதி பயப்பது எது என்பதையும் ஆராய்தலே மருத்துவ நெறி. அவ்வாராய்ச்சிக்கு நோயாளி மறையாது கூறும் வரலாறே அடிப்படையாகும்.