பிரமாணப் பத்திரமும் தங்கையின் பங்கும்



துவாக்குடியில் ஒரு வீட்டில் அத்தா வஃபாத்தாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன்கள், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு மகள். வங்கிப் பணம், பட்டா மாற்றம் என்று அலையும்போது, "வாரிசுகள் இவர்கள்தாம், வேறு யாரும் இல்லை" என்று பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். மகளின் பெயர் விடுபடுவது பெரும்பாலும் இங்கேதான். "தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று காரணமும் சொல்வார்கள்.

நாம் 'அஃபிடவிட்' என்று சொல்லும் இது, வெறும் விண்ணப்பம் அன்று. சத்தியம் செய்து எழுத்தில் தரும் வாக்குமூலம். 1969-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி இறைவன் பெயரால் சத்தியம் செய்யலாம்; அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்புதான்.

இதில் தெரிந்தே பொய் சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆவது பிரிவின்படி குற்றம். நீதிமன்ற நடவடிக்கையில் என்றால் 7 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மற்ற இடங்களில் 3 ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மறுமைக் கணக்கு இதைவிடப் பெரிது. பெரும்பாவங்களைச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியத்தைக் குறிப்பிடும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நடந்ததைப் பற்றித் தெரிந்தே செய்யும் பொய்ச் சத்தியத்திற்கு 'யமீன் கமூஸ்' என்று பெயர். ஹனஃபி மத்ஹபில் இதற்குக் கஃப்பாராவே இல்லை; தவ்பா செய்ய வேண்டும், பறித்த உரிமையைத் திருப்பித் தர வேண்டும்.

மேற்சொன்ன குடும்பத்தின் சொத்தை 40 பங்காக்கினால், கடனும் வஸிய்யத்தும் போக, மனைவிக்கு 5, மகன்களுக்கு ஆளுக்கு 14, மகளுக்கு 7 (அல்குர்ஆன் 4:11, 12). கல்யாணத்தில் போட்ட நகை இந்த 7 பங்கை அழித்துவிடாது. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஆறில் ஒரு பங்கு உண்டு. அப்போது கணக்கு மாறும். பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் மனமுவந்து விட்டுக்கொடுக்க விரும்பினால்? முதலில் வாரிசுகளில் அவர் பெயர் வரட்டும். தன் பங்கு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியட்டும். அதன்பின் வீடு, நிலத்திற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். அதுதான் நேரான வழி.

பத்திரம் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

2. ஒரு பத்திக்கு ஒரு செய்தி. பத்திகளுக்கு எண் இடுங்கள்.

3. நாமே நேரில் அறிந்தது எது, பிறர் சொல்லி அறிந்தது எது என்பதைப் பிரித்து எழுதுங்கள்.

4. வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும், அடித்துத் திருத்திய இடத்திலும் கையெழுத்திடுங்கள்.

5. நோட்டரி முன் நேரில் போய்க் கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, அதையும் பத்திரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

6. ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

பெற்றோருக்கும் உறவினருக்கும், ஏன், நமக்கே எதிராக இருந்தாலும் நீதியின் மீது நின்று சாட்சி சொல்லும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:135). பேனாவை எடுக்கும் அந்த நேரத்தில் இதை நினைவில் கொள்வோம். உண்மையே எழுதும் கைகளை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.