டயருக்குள் எவ்வளவு பெட்ரோலியம்?

கார் ஓடப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே அதன் சக்கரத்துக்குள் பெட்ரோலியம் ஏறிவிடுகிறது. டயரில் உள்ள ரப்பரில் ஒரு பங்குதான் கேரளத்திலோ கன்னியாகுமரியிலோ பால்வெட்டிய மரத்திலிருந்து வருவது. மறுபங்கு பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர். டயரைக் கறுப்பாக்கி உறுதியும் தருகிற கார்பன் பிளாக், கனமான எண்ணெயை அரைகுறையாக எரித்துப் பிடித்த கரி.

பட்டுக்கும் சந்தனத்துக்கும் பெயர்போன மைசூரில் டயரும் பழைய தொழில்தான். அங்கிருந்த விக்ராந்த் டயர்ஸை 1997இல் ஜே.கே. டயர் வாங்கியது. அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான ரகுபதி சிங்கானியா மையமும் இதே ஊரில் இருக்கிறது. டயரில் பெட்ரோலியத்தைக் குறைக்கும் முயற்சியாக, மறுசுழற்சி செய்தவை, புதுப்பிக்கத்தக்கவை என 80 சதவீதப் பொருள்களால் ஆன கார் டயரை 2023இல் ஜே.கே. டயர் அறிவித்தது.

எண்பதைக் கேட்டு மலைக்க வேண்டாம். இத்தகைய கணக்குகளில் இயற்கை ரப்பரும் சேரும். அது எப்போதும் டயரில் இருந்ததுதானே! மீதியை எட்டுவதில்தான் சாமர்த்தியம்.

பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நூலாக்கினால் டயரின் உள்துணி கிடைக்கும். நெல் உமியைக் கொளுத்திய சாம்பலில் பெரும்பகுதி சிலிகா. அதைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து, அமிலம் விட்டுப் படிய வைத்தால் டயருக்கு ஏற்ற வெண்பொடி கிடைக்கும். பழைய டயரைக் காற்றில்லாமல் சூடாக்கினால் எண்ணெயோடு, கார்பன் பிளாக்கின் இடத்தில் ஓரளவு சேர்க்கத்தக்க கரியும் மிஞ்சும்.

பழைய டயரை அப்படியே உருக்கி வார்க்க முடியாதா? முடியாது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி, ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் மூலக்கூறுகளுக்கு இடையே பிணைப்புகள் விழுகின்றன. டயருக்கு வலுவைத் தரும் அதே பிணைப்புதான் உருகவும் விடுவதில்லை. லாரி டயர்களில் தேய்ந்த மேற்பரப்பை மட்டும் புதுப்பித்து (ரீட்ரெடிங்) ஆயுளைக் கூட்டுவது இதனாலும்தான். தேய்ந்த டயர்களின் மறுசுழற்சிப் பொறுப்பை 2022இல் மத்திய அரசு தயாரிப்பாளர்கள் மீதே சுமத்தியது.

ஆனால் டயரின் வாழ்நாளில் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு ஆலையில் உண்டாவதில்லை, சாலையில் உண்டாவது. உருளும்போது டயர் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து நிமிர்கிறது. அப்போது சூடாகி வீணாகும் ஆற்றலுக்கும் சேர்த்துத்தான் எஞ்சின் எரிபொருள் குடிக்கிறது. கார்பன் பிளாக்கில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிகாவைச் சேர்த்தால் இந்த வெப்பம் குறையும், மழையில் பிடிமானமும் கெடாது என்று 1992இல் டயர் நிறுவனமான மிஷ்லின் விற்பனைக்குக் கொண்டுவந்த டயர் காட்டியது. உமிச் சிலிகாவை டயருக்கு நாடுவதும் இதனாலும்தான். காற்று இறங்கிய டயர் இன்னும் அதிகமாக நெளியும் என்பதால், ஆய்வுக்கூடத்தில் மிச்சம்பிடித்ததில் கொஞ்சத்தைப் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கச் சோம்பும் ஓட்டுநர் தின்றுவிடுகிறார்.