காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டி!

தொடையில் நுழைந்த குழாய் காப்பாற்றிய கதை

அமெரிக்காவில் ஆரகன் மாநிலம் போர்ட்லண்ட் நகர ஆஸ்பத்திரி. 1964-ம் ஆண்டு ஜனவரி மாதம். 82 வயது மூதாட்டி ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காலில் ரத்த ஓட்டம் இல்லை. பாதம் அழுகத் தொடங்கிவிட்டது. காலை எடுத்தே தீரவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

மூதாட்டி மசியவில்லை. வெட்ட விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்!

கேஸ் எக்ஸ்ரே டாக்டர் சார்லஸ் டாட்டரிடம் வந்தது. 16-ந் தேதி அவர் தொடை ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டார். அடைப்பு இருந்த இடத்தைக் கம்பி தாண்டியது. கம்பியின் மேலே ஒரு டெப்ளான் குழாய். அந்தக் குழாயின் மேலே இன்னும் கொஞ்சம் பருமனான குழாய். சுருங்கிக் கிடந்த இடம் விரிந்து கொடுத்தது. சில நிமிஷங்களில் சில்லிட்டுக் கிடந்த பாதம் சூடாகிவிட்டது.

அதன்பின் இரண்டு ஆண்டுக்கு மேல் அந்தம்மாள் சொந்தக் காலில் நடமாடினார். கடைசியில் இறந்தது நிமோனியா காய்ச்சலில்.

எப்படி நுழைந்தது?

அடித்துப் பாயும் ரத்தக்குழாய்க்குள் இன்னொரு குழாயை நுழைப்பது லேசான வேலையா? டாக்டர்கள் கதீட்டர் என்று சொல்லும் அந்தக் குழாய் வளவளவென்று இருக்கும். தானாகச் சதையைக் குத்திக்கொண்டு போகாது.

1950 வாக்கில் இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, கத்தியால் கீறி ரத்தக்குழாயை வெளியே எடுத்து ஓட்டை போடுவது. இன்னொன்று, தடித்த ஊசியைக் குத்தி அதன் துவாரம் வழியாகக் குழாயைத் தள்ளுவது.

இரண்டாவதில்தான் வம்பு. ஊசிக்குள்ளே குழாய் போகவேண்டும் என்றால் ஊசி குழாயைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். ஊசியை உருவியதும் பெரிய ஓட்டையில் சின்னக் குழாய் நிற்கும். சுற்றிலும் ரத்தம் கசியும்.

மூன்று சாமான்கள்

சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம். கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற இளம் எக்ஸ்ரே டாக்டர் இதே வம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1952-ம் ஆண்டு ஒருநாள் முயற்சி எல்லாம் தோற்றுப்போய் மனமொடிந்து நின்றார். கையில் ஊசி, கம்பி, குழாய் ஆகிய மூன்றும் இருந்தன. அப்போதுதான் பளிச்சென்று மூளையில் தட்டியது. மூன்றையும் எந்த வரிசையில் உபயோகிப்பது என்பதுதான் விஷயம்!

முதலில் ஊசியைக் குத்து. ஊசி வழியாகக் கம்பியை உள்ளே விடு. ஊசியை உருவி எடுத்துவிடு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் குழாயைக் கோத்துத் தள்ளு. கடைசியில் கம்பியை உருவு. அவ்வளவுதான்!

வீட்டில் பாவாடைக்கு நாடா கோக்கும்போது ஊக்கு முன்னே போகிறதல்லவா? இங்கே கம்பிதான் ஊக்கு. குழாய் ஊசியின் பருமன்தான் இருக்கும். ஆகவே ஓட்டை குழாய்க்குச் சரியாகப் பொருந்தும்.

1953-ல் இதை அவர் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். இன்றைக்கும் ஆஞ்சியோகிராம் என்றாலும், டயாலிசிஸ் நோயாளிக்குக் கழுத்தில் குழாய் போடுவது என்றாலும் வரிசை இதுதான். ஆனால், டாக்டர் பட்டத்துக்கு இது போதாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்! வேறு விஷயத்தை ஆராய்ந்துதான் அவர் பட்டம் வாங்கினார்.

ஓட்டலில் ராத்திரி வேலை

வழி பிறந்துவிட்டது. ஆனால் குழாயின் நுனி மொட்டையாக இருந்தால்? கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே விளிம்பு நிற்கும். அது ரத்தக்குழாய்ச் சுவரில் இடிக்கும், கிழிக்கவும் செய்யும். ஊசியில் நூல் கோக்கும் பெண்கள் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக் கூராக்குவார்களே, அந்த மாதிரி குழாயின் நுனியும் சிறுத்துக் கம்பியைக் கவ்விப் பிடிக்கவேண்டும்.

இதில் கைதேர்ந்தவர் அதே டாட்டர். கிட்டார் கம்பியையும் வோக்ஸ்வாகன் காரின் ஸ்பீடாமீட்டர் கேபிளையும் எடுத்துக் கம்பி செய்து பார்த்த ஆசாமி அவர்!

1963-ல் சிகாகோவில் எக்ஸ்ரே டாக்டர்கள் மாநாடு. புளூமிங்டன் ஊரில் வீட்டு அறை ஒன்றில் தொழில் தொடங்கியிருந்த பில் குக் என்பவர் அங்கே கடை போட்டிருந்தார். டாட்டர் அவரிடம் டெப்ளான் குழாயையும், தீ ஊதும் கருவியையும் இரவல் வாங்கிக்கொண்டு ஓட்டல் அறைக்குப் போனார். மறுநாள் காலை நுனி சிறுத்த 10 கதீட்டர்களோடு திரும்பினார். குக் ஒவ்வொன்றையும் 10 டாலருக்கு விற்றுத் தீர்த்தார்!

மணிக்கட்டு வழியே

இப்போது கதீட்டர் தயாரிப்பது பெரிய தொழில். நுனி மெத்தென்று இருக்கும். பின்பக்கம் விறைப்பாக இருக்கும். சுவருக்குள்ளே எஃகு இழையைப் பின்னி வைக்கிறார்கள். வெளியே டாக்டர் திருகினால் உள்ளே நுனியும் திரும்பும்.

அளவுக்குப் 'பிரெஞ்ச்' என்று பெயர். ஒரு பிரெஞ்ச் என்றால் மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 6 பிரெஞ்ச் குழாய் 2 மில்லி மீட்டர்தான். இப்படி மெலிந்ததால் மணிக்கட்டு வழியாகவே இருதயத்துக்குப் போக முடிகிறது. கனடாவில் மான்ட்ரியல் டாக்டர் லூசியன் காம்போ 1989-ல் இதை எழுதினார். தொடையில் குத்தினால் மணிக்கணக்கில் அசையாமல் படுக்கவேண்டும். மேலே மணல் மூட்டையும் வைப்பார்கள். மணிக்கட்டில் என்றால் எழுந்து உட்கார்ந்து காபி சாப்பிடலாம்.

இன்னும் லேசாக நுழைய ஒரு பூச்சும் வந்துவிட்டது. ஈரம் பட்டால் விரால் மீன் மாதிரி வழுக்கும். இதிலும் ஒரு சங்கடம். பூச்சு சில சமயம் உரிந்து ரத்தத்தோடு போய்விடுகிறது. 2015-ம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இதுபற்றி டாக்டர்களை எச்சரித்தது. வழுக்கவும் வேண்டும், உரியவும் கூடாது. தயாரிப்பாளர்களுக்கு இப்போது தலைவலி அதில்தான்.