கறுப்புநீர்த் தொட்டியில் மராமத்துக் குப்பை அகற்றல்

கறுப்புநீர்த் தொட்டி என்பது வீட்டு ஊர்திகளில் கழிவறைக் கழிவைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கப் பயன்படும் மூடிய நெகிழித் தொட்டி ஆகும். சமையலறை, குளியலறை ஆகியவற்றிலிருந்து வரும் நீர் சேரும் தொட்டி சாம்பல்நீர்த் தொட்டி எனப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய ஊர்திகள் பெருமளவில் புழக்கத்தில் உள்ளன. பழைய ஊர்தியொன்றை வாங்கி, அதன் தரையையும் கழிவறையையும் உரிமையாளரே புதுப்பித்துக் கொள்வதும் அங்கு வழக்கம். அவ்வேலையின்போது மரத்தூள், திருகாணி, பழைய தரைவிரிப்பின் துண்டுகள் முதலியன கறுப்புநீர்த் தொட்டிக்குள் விழுந்துவிடுவது உண்டு. இவற்றை வடிகுழாய் வழியாகக் கழுவித் தள்ளிவிடலாம் என்று தோன்றும். ஆயினும் கடினமான பொருட்களைப் பொறுத்தவரை, விழுந்த வழியாகவே மேலே எடுப்பதுதான் ஏற்ற முறையாகும். இதற்கான காரணம் தொட்டியின் அமைப்பிலேயே உள்ளது.

அமைப்பு

வீடுகளில் கழிவறைக் கோப்பையின் கீழ் வளைந்த நீர்ப்பூட்டு ஒன்று இருக்கும். பிளம்பர்கள் இதனை டிராப் என்பர். கைதவறி விழும் பொருள் பெரும்பாலும் அவ்வளைவிலேயே தங்கிவிடும். வீட்டு ஊர்தியில் இவ்வளைவு கிடையாது. கோப்பையின் அடியில் மிதிகட்டையால் திறக்கும் மூடியொன்று மட்டுமே உண்டு. அதன் இரப்பர் வளையத்தின் மேல் நிற்கும் சிறிதளவு நீரே நாற்றத்தைத் தடுக்கின்றது. கோப்பை தரையில் இரண்டு மரையாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்றி எடுத்தவுடன், ஏறத்தாழ 76 மி.மீ. (3 அங்குலம்) விட்டமுள்ள துளை நேராகத் தொட்டிக்குள் திறந்துகொள்கின்றது.

தொட்டி பொதுவாகப் பாலிஎத்திலீன் அல்லது ஏ.பி.எஸ். நெகிழியால் ஆனது. கொள்ளளவு பெரும்பாலும் 75 முதல் 200 லிட்டர் வரை இருக்கும். தரைக்குக் கீழே இடம் குறைவு என்பதால் தொட்டி அகன்றும் உயரம் குறைந்தும் அமைகின்றது. அடித்தளம் கிட்டத்தட்டச் சமதளமே. ஒரு பக்கத்தின் அடியில் மூன்று அங்குல வடிகுழாயும், அதில் இழுத்துத் திறக்கும் கேட் வால்வும் உள்ளன. கூரைக்கு மேல் செல்லும் காற்றுக் குழாய் ஒன்றும் உண்டு. தொட்டிச் சுவரில் பல உயரங்களில் பதித்த உலோக முனைகள் கழிவின் மட்டத்தை அறிவிக்கும்.

ஐரோப்பிய ஊர்திகள் பலவற்றில் நிலையான தொட்டிக்குப் பதிலாக ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும் கழற்றக்கூடிய பெட்டியே உள்ளது. அதை வெளியே எடுத்துக் கவிழ்த்துவிடலாம் என்பதால் இச்சிக்கல் அங்கு அரிதே எழும்.

கழுவினால் ஏன் போவதில்லை

30 செ.மீ. உயரம் நீர் நிறைந்த தொட்டியின் வால்வைத் திறந்தால், டோரிசெல்லியின் விதிப்படி நீர் நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும். இது வலிமையான ஓட்டமே. ஆனால் இவ்வேகம் குழாயின் வாயில் மட்டுமே கிடைக்கின்றது. நீர்மட்டம் 10 செ.மீ. ஆகக் குறையும்போது வெளியேறும் அளவு நொடிக்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் எனக் கொள்ளலாம். தொட்டி 60 செ.மீ. அகலமுடையதாயின், அதன் நடுப்பகுதியில் நீர் நொடிக்கு 6 செ.மீ. அளவே நகரும். மென்மையான கழிவுக்கும் தாளுக்கும் இது போதும். அடியில் கிடக்கும் இரும்புத் திருகாணியை இது அசைக்காது. அதாவது, நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் குப்பை இல்லை. குப்பை உள்ள இடத்தில் நீரோட்டம் இல்லை.

வால்வை எட்டும் சிலவற்றாலோ வேறு தொல்லை விளைகின்றது. கேட் வால்வின் தகடு ஒரு குறுகிய பள்ளத்தில் வழுக்கிச் சென்று இரண்டு இரப்பர் வளையங்களுக்கு நடுவே அமர்கின்றது. அப்பள்ளத்தில் ஒரு சிறு ஆணியோ கல்லோ சிக்கினால் தகடு முழுமையாக மூடாது. அழுத்தி மூடினால் இரப்பர் கிழியும். பின்னர் குழாயின் வெளிமூடியைத் திறக்கும்போதெல்லாம் கழிவு கொட்டும். கழிவை அரைத்து வெளியேற்றும் மின்விசைக் குழாயைப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். ஒரே ஒரு திருகாணி அதன் அலகுகளைக் கெடுத்துவிடும்.

பனிக்கட்டிகளைத் தொட்டியில் கொட்டி ஊர்தியை ஓட்டினால் உட்புறம் தேய்ந்து சுத்தமாகும் என்ற நம்பிக்கை ஊர்தி உரிமையாளரிடையே நெடுநாளாக உள்ளது. பனிக்கட்டி நீரில் மிதக்கும்; குப்பை அடியில் கிடக்கும். இரண்டும் சந்திக்க வாய்ப்புக் குறைவு.

விழும் பொருட்கள்

எவ்வகைக் குப்பை விழுந்தது என்பதைப் பொறுத்தே எடுக்கும் முறை அமையும். வீட்டு ஊர்திகளின் தரைவிரிப்புகள் பெரும்பாலும் எண்ணற்ற ஸ்டேப்ளர் ஊசிகளால் அடிக்கப்பட்டிருப்பதால், மிகுதியாக விழுவது அவ்வூசிகளே. இவற்றையும் சாதாரண எஃகுத் திருகாணிகளையும் காந்தம் எடுத்துவிடும். அலுமினிய ரிவெட்டுகளும் பெரும்பாலான துருவேறா எஃகு ஆணிகளும் காந்தத்தில் ஒட்டா. ஒட்டுப்பலகைத் துண்டுகள் முதலில் மிதந்து, நீர் ஊறியபின் அமிழும். மரத்தூள் கழிவறைத் தாளுடன் கலந்து கம்பளம்போல் அடியில் படியும்.

எல்லாவற்றிலும் கொடியது டைல்ஸ் இடுக்கில் இடும் சிமெண்ட் கலவையும், தரையைச் சமன்செய்யும் கலவையும் ஆகும். சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை. நீருடன் வினைபுரிந்து இறுகுகின்றது. எனவே தொட்டிக்குள் நீர் இருப்பது அதற்குத் தடையன்று. இக்கலவை விழுந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். இறுகியபின் அமிலம் ஊற்றிக் கரைக்க முயல்வது ஆபத்தானது. கழிவில் உள்ள சல்பைடுகளிலிருந்து அமிலம் நச்சு வாயுவை வெளியேற்றும். வடிகுழாயின் வாயை மறைத்து இறுகிவிட்ட கட்டியாயின், தொட்டியையே மாற்றுவது சிக்கனம் எனலாம்.

பாதுகாப்பு

கழிவிலிருந்து ஐதரசன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. முன்னது நச்சுத்தன்மை உடையது. அதன் செறிவு மிகும்போது மூக்கு நாற்றத்தை உணரும் திறனை இழந்துவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் ஆகாது. மீத்தேன் தீப்பற்றக்கூடியது. சாளரங்களைத் திறந்து வைப்பதும், எரிவாயு அடுப்பை அணைப்பதும், துளைக்கு நேர் மேலே முகத்தை வைக்காதிருப்பதும் இன்றியமையாதவை. கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். பிளீச்சிங் திரவத்தை ஊற்றுதல் கூடாது. சிறுநீரில் உள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து அது குளோரமீன் என்னும் நச்சு வாயுவைத் தரும்.

அகற்றும் முறை

கோப்பையைக் கழற்றும் முன்பே தொட்டியைக் கழிவு இறக்கும் நிலையத்தில் காலிசெய்து, பலமுறை நீர் நிரப்பி அலசியிருந்தால் வேலை எளிது. அவ்வாறு செய்யாமல், கழிவு இருக்கும்போதே குப்பை விழுந்துவிட்டால், மேலிருந்து கழிவை உறிஞ்சி எடுக்கும் வண்டியை வரவழைப்பது நல்லது. வேறு வழியின்றி வால்வைத் திறப்பதாயின், தொட்டியை நிரம்ப நீரூற்றிய பின், ஒரே இழுப்பில் முழுமையாகத் திறக்க வேண்டும். பாதி திறந்த வால்வில்தான் பொருட்கள் எளிதில் சிக்கும். வடிகுழாயில் ஒளிபுகும் முழங்கை ஒன்றைப் பொருத்தினால் வெளியேறுவது என்ன என்று காணலாம். கழிவைத் தரையில் விடுதல் சட்டப்படி குற்றமாகும்.

தொட்டியை அலசி வாயு நீங்கியபின், விளக்குடன் கூடிய வளைகம்பிக் கேமராவைத் துளை வழியாக விட்டு நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும். இதனைத் தவிர்ப்போர், எடுத்தது போதுமா என்று அறிய வழியின்றிப் பலமுறை கோப்பையைக் கழற்றி மாட்ட நேரும். பின்னர் கம்பியில் கட்டிய காந்தத்தால் இரும்புப் பொருட்களையும், நீண்ட கவ்வியால் பெரிய துண்டுகளையும் எடுக்கலாம். தூளையும் சேற்றையும் எடுக்க ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய தூசி உறிஞ்சியே சிறந்தது. அதன் குழாய் மூன்று அங்குலத் துளையில் நுழையும். முனையில் வளையும் குழாய்த் துண்டொன்றை இணைத்தால் ஓரளவு பக்கவாட்டிலும் எட்டும். மின்விசை இயந்திரத்தில் பொறி எழக்கூடும் என்பதால் அதனை ஊர்திக்கு வெளியே வைத்து நீளமான குழாயுடன் இயக்க வேண்டும்.

கை எட்டாத மூலைக் குப்பையைத் துளைக்கு அடியில் கொண்டுவர ஊர்தியையே சாய்க்கலாம். பெரிய ஊர்திகளில் மட்டம் சரிசெய்யும் ஜாக்கிகள் உள்ளன. மற்றவற்றைச் சாய்வுப் பலகை மேல் ஏற்றி நிறுத்தலாம். சாய்த்தபின் எதிர்மூலையிலிருந்து நீரைப் பீய்ச்சி, துளையை நோக்கித் தள்ளி, உடனுக்குடன் உறிஞ்ச வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. கேட் வால்வு பொதுவாக நான்கு மரையாணிகளால் இரு விளிம்புகளுக்கு இடையே பொருத்தப்பட்டிருக்கும். தொட்டி காலியான பின் அதனைக் கழற்றினால், தொட்டியின் அடிமட்டத்திலேயே மூன்று அங்குல வாயில் கிடைக்கின்றது. வால்வின் பள்ளம் இடையில் இல்லாததால் குப்பையை அவ்வழியே வாளியில் தள்ளிவிடலாம். பழைய ஊர்தியாயின் வால்வையும் இரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றிவிடுவது மேல். ஊர்திக்கு அடியில் படுத்துச் செய்ய வேண்டிய வேலை என்பதால் பலர் இதனை விரும்புவதில்லை.

முடிந்தபின், கோப்பையின் அடியிலுள்ள இரப்பர் வளையத்தைப் புதிதாக இட்டுக் கோப்பையை மாட்ட வேண்டும். பிறகு தொட்டியில் இருபது லிட்டர் தூய நீரூற்றி, வால்வை மூடி, வெளிமூடியைத் திறந்து, கீழே வாளி வைத்து ஓரிரவு விட்டால் வால்வு கசிகின்றதா என்பது தெரியும். மட்டங்காட்டி வெறுந்தொட்டியிலும் நிறைந்ததாகக் காட்டினால், உலோக முனைகளின் மேல் ஈரத்தாளோ மரத்தூளோ ஒட்டியுள்ளது எனக் கொள்ளலாம்.

கோப்பையைக் கழற்றியவுடன் துளையைப் பழந்துணியால் அடைப்பது வழக்கமான முன்காப்பு ஆகும். துணி துளையைவிடப் பெரிதாக இருப்பதுடன், கயிற்றால் வெளியே ஓர் ஆணியில் கட்டப்பட்டும் இருக்க வேண்டும். கட்டப்படாத துணி தானே உள்ளே விழுந்து, வடிகுழாயின் வாயை அடைத்துக்கொள்வதும் நிகழ்கின்றது.