சிங்கப்பூர் போறீங்களா? இந்திய சிம்மைக் கழற்றாதீங்க!

நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று இருக்கும் ஊர் இளையாத்தங்குடி. ஒரு காலத்தில் பர்மா, மலேயா போனவர்களின் சேதி இந்தப் பக்கத்துக்குக் கப்பலில்தான் வரும். இப்போது பேரப்பிள்ளையைப் பார்க்க சிங்கப்பூர் கிளம்பும் ஐயா, ஆயா கையிலும் செல்போன்.

அங்கே இறங்கியதும் பலர் செய்யும் தவறு, உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைப்பது. பணம் அனுப்பும்போதுதான் வம்பு தெரியும். வங்கியின் ஓடிபி, பர்ஸுக்குள் தூங்கும் எண்ணுக்கல்லவா போகும்!

பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் போடலாம். கிளம்பும் முன்பே இந்திய சிம்முக்கு சர்வதேச ரோமிங் வசதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை. போன் வந்து எடுத்துப் பேசினால் காசு போகும். அந்த சிம்மில் ‘டேட்டா ரோமிங்’ கட்டாயம் அணைந்திருக்கட்டும். நெட்டுக்கு உள்ளூர் சிம்.

வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றவா என்று கேட்டால், வேண்டாம் எனச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸ் பக்கம் போனால், எதிர்க்கரை மலேசிய சிக்னலை போன் பிடித்துக்கொள்ளலாம். உள்ளூர் சிம்மிலும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டால் அந்தச் செலவும் மிச்சம்.