பிரஷர் மாத்திரைக்குப் பதிலா பீட்ரூட் பொடி போதுமா? ரத்தக்குழாய் சப்ளிமென்ட்கள் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

‘ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யும்’, ‘30 நாளில் பிரஷர் நார்மல்’. மொபைலைத் திறந்தாலே இப்படி ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் இருக்கும் விராலிமலைக்கும் ஆன்லைனில் ஆர்டர் செய்தால் டப்பா வீடு தேடி வந்துவிடும். அதே வீட்டுக்கு, பிரஷர் மாத்திரையும் இலவசமாக வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் கொண்டுவந்து தருகிறார்கள். இரண்டில் எதை நம்புவது?

தமிழகத்தின் நிலை என்ன?

2020-ல் தமிழகத்தில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ சர்வேயின்படி, பெரியவர்களில் 33.9% பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3% பேர். அதாவது, மாத்திரையே போடாதவர்கள், போட்டுப் பாதியில் விட்டவர்கள்தான் இங்கே பெரிய பிரச்னை.

பீட்ரூட் வேலை செய்யுமா?

ஓரளவு செய்யும். பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி, ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில், தினமும் 250 மி.லி. பீட்ரூட் ஜூஸ் குடித்தவர்களுக்கு 4 வாரத்தில் மேல் அளவு சுமார் 8 புள்ளி குறைந்தது. ஜூஸை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பியது. சிறிய ஆய்வு அது. மாரடைப்பையோ பக்கவாதத்தையோ தடுக்கும் என்று அது நிரூபிக்கவில்லை.

மற்ற சப்ளிமென்ட்கள்?

* எல்-ஆர்ஜினின்: இதுவும் நைட்ரிக் ஆக்சைடுக்கான மூலப்பொருள்தான். மாரடைப்பு வந்த 153 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது. ரத்தக்குழாயின் விறைப்பு குறையவில்லை. எல்-ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள்; வெற்று மருந்து எடுத்தவர்களில் யாரும் இறக்கவில்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.
* பூண்டு, மஞ்சள், பட்டை, மீன் எண்ணெய்: 2022-ல் வெளியான க்ளீவ்லேண்ட் க்ளினிக் ஆய்வில் இவை உட்பட 6 சப்ளிமென்ட்கள், குறைந்த டோஸ் ஸ்டாட்டின் மாத்திரையோடு ஒப்பிடப்பட்டன. மாத்திரை கெட்ட கொழுப்பைச் சுமார் 38% குறைத்தது. சப்ளிமென்ட் எதுவும் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாகச் சாதிக்கவில்லை. சாப்பாட்டில் பூண்டும் மஞ்சளும் தாராளமாகச் சேர்க்கலாம்; கேப்ஸ்யூலாக வாங்கிக் காசு கரைக்கத்தான் அவசியமில்லை.

‘இயற்கைதானே, என்ன ஆயிடப்போகுது?’

ஆகும். அதிமதுரத்தை அதிகமாக, தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ‘டெல்மிசார்ட்டன்’ போன்ற மாத்திரை போடுபவர்களும், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் பொட்டாசியம் சப்ளிமென்ட் எடுத்தால், அளவு எகிறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு பூண்டு கேப்ஸ்யூல் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

டப்பாவில் எதைப் பார்க்க வேண்டும்?

14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் இருக்கிறதா பாருங்கள். ஆனால், அது உணவுக்கான உரிமம். நோயைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று அல்ல. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரி லேபிளிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. விளம்பரம் சொல்வதற்கு நேர் எதிரான வரி அது.

அப்போ என்னதான் செய்வது?

* உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.
* தினமும் அரை மணி நேர வேக நடை. புகையும் மதுவும் வேண்டாம்.
* 30 வயதைத் தாண்டியவர்கள், நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் பிரஷர் பார்த்துவிடுங்கள். 140/90-ஐத் தொடர்ந்து தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும்.
* ஏற்கெனவே சப்ளிமென்ட் எடுக்கிறீர்களா? டப்பாவையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

பீட்ரூட் பொரியல் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால், ‘ரீடிங் நார்மலாயிடுச்சு’ என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல நேரங்களில், அந்த நார்மலே மாத்திரையால் வந்ததுதான்.